இறால் குளங்களும் பொற்கன்றும்

முதற் கட்டளை பற்றி நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆடித் திருநாளுக்கென வந்திருந்த ஓர் இளைஞர், மரநிழலில் தம் குடும்பத்தார் அமைத்திருந்த ஓலைக் குடிலுக்கு அருகே என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவரோடு வேலை செய்யும் பிரிந்த சகோதரர் ஒருவர், கத்தோலிக்கர் மரத்தையும் மண்ணையும் கும்பிடுகிறார்கள், அது விக்கிரக ஆராதனை என்று ஓயாமல் சொல்லி வருகிறாராம். அதற்கு என்ன மறுமொழி சொல்வது என்பதே அவருடைய கேள்வி.

சொல்ல வேண்டிய மறுமொழியை நான் சொன்னேன். அவரும் மனநிறைவோடு போனார். ஆனால் அன்றிரவு கடற்காற்றில் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தபோது என் உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. நாம் சுரூபத்தை ஆராதிக்கவில்லை என்பது மெய்தான். அப்படியானால் நம்மிடையே விக்கிரகமே இல்லையா? புனித அன்னம்மாளின் சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்பும் நாம், வீட்டில் எதன் முன் முழந்தாளிடுகிறோம்? இக்கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சுரூபமும் விக்கிரகமும்

முதலில் திருச்சபையின் போதனையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. தேவமாதாவுக்கும் புனிதர்களுக்கும் நாம் செலுத்துவது வணக்கம், அது ஆராதனையன்று. 787ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம், ஒரு படத்துக்கோ சுரூபத்துக்கோ செலுத்தும் வணக்கம் அப்பொருளோடு நின்றுவிடாமல் அது யாரைக் காட்டுகிறதோ அவரையே சென்று சேர்கிறது என்று கற்பித்தது. வெளிநாட்டிலுள்ள மகனுடைய படத்தை ஒரு தாய் முத்தமிடும்போது அவள் காகிதத்தையா நேசிக்கிறாள்? உருவம் செய்வதே பாவமாயின், உடன்படிக்கைப் பெட்டியின் மேல் கெருபீன்களை அமைக்கும்படியும் (யாத். 25:18), பாலைவனத்தில் வெண்கலப் பாம்பு செய்யும்படியும் (எண். 21:8) ஆண்டவரே மோயீசனுக்குக் கட்டளையிட்டிருப்பாரா?

ஆயினும் அந்த வெண்கலப் பாம்பின் பிற்கால வரலாற்றையும் நாம் மறைக்கலாகாது. நூற்றாண்டுகள் கழிந்தபின் மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா அரசன் அதை உடைத்து நொறுக்கினான் (2 அரசர் 18:4). கடவுள் கட்டளையிட்டுச் செய்த பொருள், மக்களின் உயிரைக் காத்த பொருள், அதுவும்கூட விக்கிரகமாக மாறிப்போனது! ஆகவே விக்கிரகம் என்பது ஒரு பொருளின் உருவத்தைப் பொறுத்ததன்று. நம் நெஞ்சில் அதற்கு நாம் கொடுக்கும் இடத்தைப் பொறுத்தது. நல்ல பொருள்களே பெரும்பாலும் விக்கிரகமாகின்றன. தீயதைக் கடவுளாக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இதனாற்றான் புனித சின்னப்பர் பொருளாசையை நேராகவே விக்கிரக ஆராதனை என்று அழைத்தார் (கொலோ. 3:5). 1992ல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், விக்கிரக ஆராதனை பழங்காலப் பாவம் மட்டுமன்று என்று எச்சரித்து, அதிகாரம், இன்பம், இனம், அரசு, பணம் ஆகியவற்றைக் கடவுளின் இடத்தில் வைப்பதும் அதே பாவம் என்கிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2013ல் எழுதிய திருத்தூது அறிவுரை மடலில், பழைய பொற்கன்று இக்காலத்தில் பணத்தை வழிபடுவதாகிய புது வடிவில் திரும்பி வந்திருக்கிறது என்று எழுதினார்.

மலையடிவாரத்தில் நடந்தது

பொற்கன்றின் கதை நமக்குத் தெரிந்ததே. ஆயினும் யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக மெதுவாக வாசித்துப் பாருங்கள். மூன்று காரியங்கள் உங்கள் கண்ணிற்படும்.

முதலாவது, அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? மனைவியர், புதல்வர், புதல்வியர் காதுகளில் அணிந்திருந்த அணிகலன்களிலிருந்து வந்தது. அடிமைகளுக்கு அணிகலன் ஏது? எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவில், ஆண்டவர் எகிப்தியரின் மனத்தை இளக்கியதால் அவர்கள் கொடுத்தனுப்பியது அது (யாத். 12:35-36). எனவே கன்று செய்யப்பட்டது கடவுள் கொடுத்த கொடையைக் கொண்டே.

இரண்டாவது, ஆரோன் கன்றுக்கு முன் பீடம் கட்டிவிட்டு என்ன அறிவித்தான்? மறுநாள் ஆண்டவருக்குத் திருநாள் என்று அறிவித்தான் (32:5). அம்மக்கள் ஆண்டவரின் பெயரைக் கைவிடவில்லை. திருநாளையும் கைவிடவில்லை. ஆண்டவரின் பெயரையே கன்றின் மேல் எழுதிவிட்டார்கள். விக்கிரகம் கோவிலை இடித்துக்கொண்டு வருவதில்லை. கோவிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது, இது நடந்தது பஞ்ச காலத்தில் அன்று. பசித்தவர்களுக்கு மன்னா கிடைத்துக்கொண்டிருந்தது. பகைவன் கடலில் மாண்டுபோயிருந்தான். மோயீசன் மலையில் தாமதித்தார், மக்களுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, அவ்வளவே. துன்ப காலத்தில் கடவுளை நோக்கிக் கூவியவர்கள், வசதி வந்தபோது கன்றுக்கு முன் ஆடினார்கள்.

நம் கரையில் நடந்தது

இனி நம்முடைய கரைக்கு வருவோம். சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் வரை களப்பையும் ஒல்லாந்தர் கால்வாயையும் ஒட்டி வாழும் நம் மக்களுக்கு நான் சொல்லப்போவது புதிய கதையன்று. நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணாரக் கண்டது.

1980களின் தொடக்கத்தில் இப்பகுதியில் இறால் பண்ணைகள் தோன்றின. புலி இறாலுக்கு யப்பானிலும் பிற நாடுகளிலும் நல்ல விலை. நான்கு மாதத்தில் ஒரு விளைச்சல். முன்பு கரைவலை இழுத்தும் தென்னந்தோட்டத்தில் கூலி வேலை செய்தும் வாழ்ந்த ஊர்களில் பணம் புரளத் தொடங்கிற்று. முதலில் பெரிய நிறுவனங்கள் வந்தன. அவற்றைப் பார்த்துச் சிறியவர்களும் நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்துக் குளம் வெட்டினார்கள். அனுமதி பெற்ற குளங்களும் பெறாத குளங்களுமாகக் கரை நெடுகப் பெருகின. குளம் வெட்டுவதற்காகக் கண்டல் காடுகள் அழிக்கப்பட்டன.

கண்டல் காடு எதற்கு என்று நம் பாட்டன்மாருக்குத் தெரியும். களப்பிலே இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்வது கண்டலின் வேர்களுக்கிடையேதான். இறாலின் தொட்டிலை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இறாலை வளர்க்க முயன்றோம்.

அடுத்து நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. ஒரு பண்ணை கழித்துவிட்ட நீர் கால்வாயில் கலந்தது. அடுத்த பண்ணை அதே கால்வாயிலிருந்து நீர் எடுத்தது. 1988, 1989ஆம் ஆண்டுகளில் முதலாவது பெரிய நோய் பரவிற்று. சிலர் விழுந்தார்கள். ஆயினும் குளங்கள் மேலும் பெருகினவேயன்றிக் குறையவில்லை. 1996ல் வெண்புள்ளி நோய் வந்தது. தன் குளத்தில் நோய் கண்டவன் அயலவனுக்குச் சொல்ல மனமின்றி, இருந்த இறாலை அவசரமாகப் பிடித்துக்கொண்டு, நோயுள்ள நீரைக் கால்வாயில் திறந்துவிட்டான். அயலவன் அந்த நீரையே தன் குளத்துக்கு இறைத்தான். சில நாட்களில் அவனுடைய இறாலும் செத்து மிதந்தது. கைவிடப்பட்ட குளங்கள் அக்கரையில் உப்புப் படிந்து கிடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்டலும் இல்லை, இறாலும் இல்லை, ஈடு வைத்த காணியும் இல்லை என்று நின்ற குடும்பங்கள் எத்தனை!

இறால் வளர்த்தது பாவமா? இல்லவே இல்லை. அது நேர்மையான தொழில். பாவம் எங்கே நுழைந்தது? போதும் என்ற சொல் அத்தொழிலைவிட்டு வெளியேறிய இடத்தில் நுழைந்தது. அயலவனுடைய குளம் நம் கண்ணுக்கு மறைந்த இடத்தில் நுழைந்தது. நாம் கையால் செய்த ஒன்று நமக்குக் கட்டளையிடத் தொடங்குவது, எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கேட்பது, கடைசியில் பலியாக உயிருள்ளவற்றைக் கேட்பது, இவை மூன்றும் விக்கிரகத்தின் அடையாளங்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இக்கதையின் கடைசிப் பகுதியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இன்று இத்தொழில் முற்றாக அழிந்துவிடவில்லை. அது பிழைத்திருப்பது எவ்வாறு? தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து கரையை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குளம் நிரப்பலாம் என்று முறை வைத்தன. ஒரு வலயம் இறால் வளர்க்கும்போது இன்னொரு வலயம் குளத்தைக் காயவிட்டுக் காத்திருக்க வேண்டும். அன்பர்களே, இது என்ன? ஆறு ஆண்டு விதைத்து ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடு என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிட்டாரே, அதையன்றோ நாம் இவ்வளவு நட்டப்பட்டபின் குளத்தங்கரையில் கற்றுக்கொண்டோம்! குளத்துக்கு ஓய்வு வேண்டும் என்று அறிந்துகொண்ட நாம், நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அறிந்துகொண்டோமா?

பூட்டிய அறைகள்

இறாலுக்குப் பின், அல்லது இறாலோடு கூடவே, வெளிநாடு வந்தது. வென்னப்புவ, மாரவில பக்கத்தைச் 'சின்ன இத்தாலி' என்று ஊரார் அழைப்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ள சிங்களக் கத்தோலிக்கச் சகோதரர்கள் மட்டுமன்றி, நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பலர் மிலானுக்கும் உரோமைக்கும் நாப்போலிக்கும், வேறு சிலர் வளைகுடா நாடுகளுக்கும் கனடாவுக்கும் சென்றிருக்கிறார்கள். வறுமை விரட்டியதால் போனார்கள். போரின் காரணமாகவும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தால் நோயாளிகள் குணமடைந்தார்கள், தங்கைமார் கரைசேர்ந்தார்கள், தம்பிமார் படித்தார்கள்.

சில காலத்துக்கு முன் ஒரு வீடு மந்திரிக்க என்னை அழைத்தார்கள். இரண்டு மாடி, ஒன்பது அறை, பளிங்குத் தரை. கட்டி முடிக்கப் பதினோரு ஆண்டுகள் பிடித்ததாம். வீட்டுக்காரி மிலானில் ஒரு முதிய அம்மையாரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். கைத்தொலைபேசியில் முகம் காட்டியபடி, "சுவாமி, மேல் மாடியிலை இடப்பக்க அறையையும் மந்திரியுங்கோ, அது மகனுடையது" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். அவரோ அவ்வீட்டில் ஓரிரவும் படுத்ததில்லை. அறைகளைத் திறந்து திறந்து காட்டியவர் அவருடைய தாயார். தீர்த்தம் தெளித்து முடித்ததும் அறைகள் மீண்டும் பூட்டப்பட்டன. சமையலறைக்கு அடுத்த சிறிய அறையில் அந்தத் தாயாரின் பாயும் செபமாலையும் புனித அன்னம்மாளின் பழைய படமும் இருந்தன. நான் புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவாமி, ராவையிலை இவ்வளவு பெரிய வீட்டிலை நான் ஒருத்திதான். பிள்ளையள் வந்து ஒரு நாளெண்டாலும் இதுக்குள்ளை படுக்க வேணுமெண்டு வேண்டிக்கொள்ளுங்கோ" என்றார்.

மிலானில் மகள் பிறருடைய தாயைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே அவருடைய தாய்க்குத் துணையில்லை. இடையில் நிற்கிறது அந்த வீடு. அது அவருக்காகக் கட்டப்பட்டதா, அல்லது அவர்தாம் அதற்காக வாழ்கிறாரா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆனால் அதே மகள் அன்று தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார். வாரத்தில் அவருக்கு விடுமுறை வியாழன் பிற்பகலும் ஞாயிறும். ஞாயிறு எங்கள் மக்களுக்கென நடக்கும் திருப்பலிக்கு இரண்டு பேருந்து மாறிப் போவாராம். ஒருபோதும் தவறவிட்டதில்லையாம். "அந்த ஒரு மணித்தியாலந்தான் சுவாமி நான் ஒருவருக்கும் வேலைக்காரி இல்லை" என்றார். செல்வம் கொழிக்கும் நாட்டில், பழைய கோவில்களில் ஊரவர்களின் தொகை குறைந்துவரும் நகரத்தில், நம் ஊர்ப் பெண்ணொருத்தி பேருந்து மாறித் திருப்பலிக்குப் போகிறார். அவர் அனுப்பும் பணத்தில் இங்கே வாழும் அவருடைய உறவினரை ஞாயிறு பூசையில் நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

இவ்விடத்தில்தான் முதற் கட்டளையும் மூன்றாம் கட்டளையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பார்வோனிடம் மோயீசன் முதலில் கேட்டது என்ன? பாலைவனத்தில் ஆண்டவருக்குத் திருநாள் கொண்டாட மக்களை அனுப்பும்படி கேட்டார். பார்வோன் என்ன செய்தான்? மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், அதனாலேதான் வழிபாடு கேட்கிறார்கள் என்று சொல்லி, வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கற் கணக்கை மட்டும் அப்படியே வைத்தான் (யாத். 5). பொய்க் கடவுளுக்கு ஓய்வுநாள் பிடிக்காது. மெய்யான கடவுளோ, நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள், ஆகவே உன் வேலைக்காரனும் உன்னைப்போல் இளைப்பாறட்டும் என்று கட்டளையிட்டார் (உபாகமம் 5:14-15). ஓய்வுநாள் என்பது விடுதலை பெற்றவர்களின் அடையாளம்.

இன்று நம் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளை ஞாயிறு காலை ரியூசனுக்குப் போகிறது. சாதாரண தரத்துக்குப் படிப்பவனும் போகிறான். மறைக்கல்வி வகுப்பில் இடம் வெறுமை. திருப்பலிக்கு நேரமில்லை. "படிப்பு முக்கியமல்லவா சுவாமி?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். முக்கியம்தான். ஆனால் பரீட்சைக்குப் பின் இன்னொரு பரீட்சை, அதன்பின் வேலை, அதன்பின் வெளிநாடு, அதன்பின் வீடு. எந்தப் படியில் நின்று அந்தப் பிள்ளை "இனிப் போதும், கடவுளுக்கு நேரமிருக்கிறது" என்று சொல்லப்போகிறான்? பத்து வயதில் நாம் கற்றுக்கொடுக்காத சொல் நாற்பது வயதில் அவன் வாயில் வருமா?

மாலையிலே பாருங்கள். ஏழு மணிக்குக் குடும்பச் செபமாலை சொன்ன வீடுகளில் இப்போது ஆளுக்கொரு கைத்தொலைபேசி. தலை குனிந்திருக்கிறது, கை அசைகிறது, அருகிலிருப்பவர் பேசினாலும் காதில் விழுவதில்லை. தியானத்தில் ஆழ்ந்த துறவியைப் போன்ற தோற்றம்! அக்கருவியைக் கண்டித்து நான் எழுதவில்லை. அதனூடாகவே அந்த மிலான் மகள் தன் தாயின் முகம் காண்கிறாள். ஆனால் நாள்தோறும் நம் விழிப்பின் முதற் கணத்தையும் உறக்கத்துக்கு முந்திய கடைசிக் கணத்தையும் பெற்றுக்கொள்வது எதுவோ, அதுவே நம் காலை மாலைச் செபத்தைப் பெற்றுக்கொள்கிறது.

இந்தக் கடவுள்கள் நம்மைக் காப்பாற்றுமா? 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அரசே அறிவித்தது. வங்கிப் புத்தகத்தில் எழுதியிருந்த எண் மாறவில்லை. அதன் பெறுமதி கரைந்துபோயிற்று. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்நாட்களில் அயல்வீட்டுக்கு ஒரு கொத்து அரிசியும் நாலு மீனும் கொடுத்தவர்கள் யார்? நம்மைத் தாங்கியது எது? இரண்டு எஜமானருக்கு ஊழியம் செய்ய எவராலும் முடியாது என்று நம் ஆண்டவர் சொன்னபோது (மத். 6:24), பணத்தை ஓர் எஜமானாகவே பெயரிட்டுச் சொன்னார். அந்த எஜமான் தன் ஊழியரை நடுவழியில் கைவிடுவான் என்பதை நாம் அந்த ஆண்டில் கண்டோம்.

முன்னோர் கொடுத்த விலை

நம் வழிபாடு மலிவாகக் கிடைத்ததன்று. 304ஆம் ஆண்டு, வட ஆபிரிக்காவில் அபித்தினா என்ற ஊரில், ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடிய குற்றத்துக்காக 49 கிறிஸ்தவர்கள் பிடிபட்டார்கள். பேரரசனின் தடையை மீறியது ஏன் என்று கேட்டபோது, ஞாயிறு வழிபாடு இல்லாமல் தங்களால் வாழ இயலாது என்று சொல்லி உயிர் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1667ல் ஒல்லாந்தர் கற்பிட்டியில் தங்கள் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். அவர்கள் ஆண்ட கரையோரத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் இல்லை. 1687ல் கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்துக் கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் 1690 அளவில், கண்டி அரசின் ஆளுகையிலிருந்த இந்தப் புத்தளத்துக்கு வந்து நம் முன்னோருக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இரவில் மறைந்து பூசை கண்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. நம் அயலிலுள்ள நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோவிலில் பூசைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு நாடெங்கும் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. தொலைக்காட்சியின் முன் முழந்தாளிட்டு நாம் அழுதோம். கோவில் திறந்தால் போதும் என்று அன்று நாம் சொன்னது நினைவிருக்கிறதா? கோவில் திறந்திருக்கிறது. பகைவன் மூடாத கதவை நாமே நமக்கு மூடிக்கொள்ளலாமா?

குருக்களாகிய நாங்களும்

இதுவரை உங்களைக் கேட்டேன். இனி என்னையே கேட்க வேண்டும். ஆரோன் ஒரு குரு. மக்கள் கேட்டார்கள், அவன் செய்து கொடுத்தான். பின்னர் மோயீசன் கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்று வெளியே வந்தது என்று சாக்குச் சொன்னான் (32:24).

திருநாள் வருகிறது. எந்த நாளின் நவநாள் செலவை யார் ஏற்பது என்பதில் போட்டி. பளிங்குக் கல்லில் உபகாரியின் பெயர் பெரிதாகவும் புனிதரின் பெயர் சிறிதாகவும் வெட்டப்படுகிறது. வெளிநாட்டுப் பணத்தில் கோபுரம் உயர்கிறது. அதிகம் கொடுத்தவரைப் பீடத்தில் நின்று புகழ்ந்தவன் நானே. அதே கோவிலில், கிழிந்த வலையைத் தைத்து வாழும் ஒருவர் ஒரு கட்டு மெழுகுதிரியைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் பின்வரிசையில் நின்றார். அவருடைய பெயரை நான் கேட்டுக்கூட அறியவில்லை. மக்களுக்கு விக்கிரகத்தைக் குறித்துப் போதிக்கும் குரு, கன்றுக்குத் தூபம் போடலாகாது. இதை எழுதும்போதே வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அதே பொன்

இறுதியாக நம்பிக்கை தரும் ஒரு செய்தி. யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடவில்லை. 35ஆம் அதிகாரத்தில் அதே மக்கள் மீண்டும் தங்கள் பொன் அணிகலன்களைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். இம்முறை கன்றுக்காக அன்று, ஆண்டவரின் கூடாரத்துக்காக! அணிகலன் ஒன்றே, கையும் ஒன்றே. மனந்திரும்பிய பின் அதே பொன் வழிபாட்டுக்கு உரியதாயிற்று. ஆகவே செல்வம் சபிக்கப்பட்டதன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: கூடாரத்தைக் கட்டத் தொடங்குமுன் மோயீசன் முதலில் சொன்னது, ஆறு நாள் வேலை செய்யுங்கள், ஏழாம் நாள் ஓய்ந்திருங்கள் என்பதே (35:2). தம்முடைய வீட்டைக் கட்டும் வேலைக்குக்கூட ஆண்டவர் ஓய்வுநாளை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியிருக்க, நம் வீட்டைக் கட்டுவதற்காக அதை நாம் விட்டுக்கொடுக்கலாமா?

திருப்பலியில் நடப்பது என்ன? விக்கிரகம் நம் பிள்ளைகளைப் பலி கேட்கிறது. நம் கடவுளோ தம் திருமகனையே நமக்காகப் பலியாகக் கொடுக்கிறார். அங்கே நாம் கொண்டு போவது சிறிது அப்பமும் இரசமும். பெற்றுக்கொண்டு திரும்புவது அவரையே. வாரத்தில் ஒரு மணித்தியாலம், சம்மாட்டியும் கூலியாளும், இத்தாலிக்குப் போனவரின் தாயும் போக வழியில்லாதவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே அப்பத்தை உண்ணுகிறார்கள். விலைபேச முடியாத ஒன்றைக் கைநீட்டி இலவசமாகப் பெற்றுக்கொள்பவனுக்கு, மற்றவை எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும்.

எனவே மூன்று காரியங்களை உங்கள் குடும்பத்துக்கு முன்வைக்கிறேன். ஞாயிறு திருப்பலி நேரத்தில் நம் வீட்டுப் பிள்ளையை எந்த ரியூசன் வகுப்புக்கும் அனுப்புவதில்லை என்று தீர்மானியுங்கள். ஊரிலுள்ள பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து சொன்னால், வகுப்பு நடத்துபவர் நேரத்தை மாற்றுவார். இரண்டாவது, மாலைச் செபத்தின்போது எல்லாக் கைத்தொலைபேசிகளையும் ஒரே இடத்தில் வையுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு பேசும் ஒன்றை மட்டும் திறந்து வைத்து, அவரையும் செபமாலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டில், இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டுமன்றி, எவ்வளவு வந்தால் போதும், எப்போது வீடு திரும்பலாம் என்பதையும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. கடந்த ஆண்டில் எந்தக் காரியத்துக்காக நாம் ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டோம்? அக்காரியம் நமக்கு என்ன கொடுத்தது?

2. நம் தொழிலில் கழிவு நீர் யாருடைய குளத்துக்குப் போகிறது? நம் வருமானத்துக்காக இழப்பை ஏற்பவர் யார்?

3. நம் வீட்டில் பூட்டிய அறை எது? அதைத் திறக்க யார் காத்திருக்கிறார்கள்?

4. இது போதும் என்று கடைசியாக நாம் எப்போது சொன்னோம்?

அந்தத் தாயாருக்கு வாக்களித்தபடி நான் ஞாயிறுதோறும் பீடத்தில் அவருடைய பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் உங்கள் செபமாலையில் ஒரு மணியை, பூட்டிய வீடுகளில் தனித்திருக்கும் தாய்மாருக்காக ஒப்புக்கொடுங்கள். தேவமாதாவைப் பெற்று வளர்த்த புனித அன்னம்மாள் நம் கரையோரக் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.